திருமுனைப்பாடி நாட்டில் நீதிநூல் மரபு: துறவியர் குன்றிலிருந்து திண்ணைப்பள்ளி வரை

முகையூர், திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவலூர் வட்டாரங்கள் இடைக்காலத்தில் திருமுனைப்பாடி நாட்டிலும் அதை ஒட்டியும் அமைந்திருந்தன. தென்பெண்ணை பாயும் இந்நாட்டையும், வடக்கே செஞ்சி, திண்டிவனம் வரையுள்ள பகுதியையும் சேர்த்து நோக்கினால் தமிழ் நீதிநூல் மரபின் படிநிலைகள் புலப்படும். அறம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவருக்கேற்ப நூலின் பொருளும் வடிவமும் மாறிவந்துள்ளன.

முதற் படிநிலை சமணத் துறவியருடையது. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றின் பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழைய கல்வெட்டு குறிக்கிறது. இத்தகைய துறவு நோக்கை, சமண முனிவர் பாடியதாகக் கருதப்படும் நாலடியாரிலும் காணலாம். செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையே அதன் முதல் மூன்று அதிகாரங்கள்.

துறவியரோடு இல்லறத்தாரையும் கருத்திற்கொண்டு எழுந்தது அறநெறிச்சாரம். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அதன் ஆசிரியர் முனைப்பாடியார் சமணர். இந்நாட்டின் பெயராலேயே அறியப்படுபவர். உரைப்பவன், கேட்பவன், உரைக்கப்படும் பொருள், உரைப்பதனால் விளையும் பயன் ஆகிய நான்கின் தகுதியையும் அவர் நூலின் தொடக்கத்திலேயே வரையறுக்கிறார். அறம் கூறுவோனுக்கும் இலக்கணம் வகுத்தமை இந்நூலின் தனிச்சிறப்பு.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றால் நீதிநூல் சிறுவர்க்கு உரியதாயிற்று. இவற்றைப் பாடிய ஔவையார் சங்க கால ஔவையாரின் வேறானவர். 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது பலர் கருத்து. எனினும், பாரி மகளிர்க்கு ஔவையார் திருக்கோவலூரில் மணம் முடித்துவைத்தார் என்னும் கதை இருவரையும் ஒருவராகவே காட்டுகிறது. இந்நூல்களில் நீதி ஓரடியாகச் சுருங்கியது; அடிகள் அகர வரிசையில் அமைந்தன. இதனால் எழுத்தும் ஒழுக்கமும் ஒரே பாடமாயின.

17-ஆம் நூற்றாண்டில் வீரசைவ மடங்களும் இம்மரபில் இடம்பெற்றன. மயிலத்தோடு தொடர்புடைய பொம்மபுரம் சிவஞான பாலய தேசிகரின் மாணவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர். 40 வெண்பாக்களைக் கொண்ட நன்னெறியை அவர் கடற்கரை மணலில் விரலால் எழுத, மாணவர் ஏட்டில் படியெடுத்தனர் என்பது வழிவழிச் செய்தி. ஒவ்வொரு நீதியும் உவமையோடு சொல்லப்படுவதால் பாடல்கள் எளிதில் மனத்தில் பதிந்தன.

திண்ணைப்பள்ளிகள் இந்நூல்களை ஊர்தோறும் கொண்டுசென்றன. மணலில் எழுத்துப் பழகிய பிள்ளைகள் அடுத்து ஓலையில் எழுதினர். மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் சேர்ந்து ஒப்பித்தனர். பொருள் விளங்கும் முன்பே பாட்டு மனப்பாடமானது. பின்னாளில் வாழ்க்கை அனுபவமே அதற்கு உரையாக அமையும் என்பது அக்கல்வி முறையின் எதிர்பார்ப்பு.

அச்சு வந்தபின் ஏட்டுக்கு வெளியேயும் இம்மரபு பரவியது. 1812-இல் திருக்குறளும் நாலடியாரும் சென்னையில் அச்சேறின. முனிசீப் வேதநாயகம் பிள்ளை 1859-இல் வெளியிட்ட நீதிநூல், கைக்கூலி போன்ற நிர்வாகத் தீமைகளையும் கண்டித்தது. 20-ஆம் நூற்றாண்டில் பாரதியார் ஆத்திசூடி வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். சினம் தணிய வேண்டும் என்றார் ஔவையார். தீமைக்கு எதிரான சீற்றத்தைப் பழக வேண்டும் என்றார் பாரதியார். அடங்கி நடக்கும் பிள்ளையினும் அஞ்சாத குடிமகனே புதிய நூலின் இலக்கு.

இன்று நீதிநூல் கற்பிக்கும் பொறுப்பு அரசுப் பாடத்திட்டத்தைச் சார்ந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் ஆணையிட்டது. அதன்படி 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை குறள் அதிகாரங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. திண்ணையில் ஒப்பித்தலால் நிலைபெற்ற நீதி, இப்போது பாடவேளைக்கும் தேர்வுக்கும் உட்பட்ட பாடப்பொருளாகியுள்ளது.