மீன் தந்த வைத்தியம்

தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பி. இடுப்புத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. மாத்திரைக்கு மசியாத நரம்பு வலிக்குப் பொருத்தும் இந்தத் தூண்டல் கருவியின் மூதாதை ஒரு மீன்!

கி.பி. 47 வாக்கில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கவுட் மூட்டுவலிக்கு ஒரு வைத்தியம் எழுதிவைத்தார். ஈரமான கடற்கரையில், உயிருள்ள மின்திருக்கையின்மேல் காலை வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். தீராத தலைவலிக்கும் அதே மீன்தான்.

மரத்துப்போகச் செய்வது மின்சாரமே என்று 1772-ல் பிரான்சின் லா ரோஷல் துறைமுகத்தில் சோதித்துக் காட்டினார் ஆங்கிலேயர் ஜான் வால்ஷ். 1800-ல் இத்தாலியர் வோல்ட்டா, வெள்ளி, துத்தநாகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். அதைத் திருக்கையின் மின்னுறுப்போடுதான் ஒப்பிட்டார்.

அடுத்த தாவல் அமெரிக்காவின் மினியாபொலிஸுக்கு. 1957 அக்டோபர் 31 அன்று அங்கே மின்தடை. இதயத் துடிப்பைச் சீராக்கும் அன்றைய பேஸ்மேக்கர்களோ சுவர் பிளக்கை நம்பியவை. இதய அறுவை நிபுணர் வால்ட்டன் லில்லிஹாய், பேட்டரியில் ஓடும் கருவி கேட்டார். காரேஜில் தொடங்கிய மெட்ட்ரானிக் நிறுவனத்தின் ஏர்ல் பக்கன், இசை பயில்வோருக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோமின் மின்சுற்றுப் படத்தை ஒரு மின்னணு இதழிலிருந்து எடுத்தார். சில வாரங்களில் கருவி தயார்.

இனி வலிக்கு வருவோம். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி ஏன் குறைகிறது? தண்டுவடத்தில் ஒரு 'கதவு' இருக்கிறது, தொடு உணர்வு அதைச் சாத்திவிடுகிறது என்று 1965-ல் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் விளக்கினர். அந்தக் கதவை மின்சாரத்தால் சாத்த முடியாதா என்று கேட்டார் நரம்பு அறுவை நிபுணர் நார்மன் ஷீலி. 1967-ல், புற்றுநோய் வலியால் துடித்த ஒருவரின் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தினார். பொறியியல் மாணவர் தாமஸ் மார்ட்டிமர், இதய ரத்தநாள நோய்க்கென மெட்ட்ரானிக் செய்திருந்த நரம்புத் தூண்டியைத் தழுவி அந்தக் கருவியை வடிவமைத்தார்.

யாருக்கு இது பலிக்கும் என்று முன்கூட்டியே அறிய, தோலின்மேல் மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தார் ஷீலி. சிலருக்கு அதுவே போதுமானதாயிற்று. பிசியோதெரபி நிலையங்களில் ஒட்டும் டென்ஸ் கருவி பரவியது இப்படித்தான்.

தண்டுவடத் தூண்டல் கருவி நோயின் காரணத்தை நீக்காது. வலி மூளையை எட்டும் வழியில் குறுக்கிடும். அதனால்தான் நிரந்தரமாகப் பொருத்துமுன், சில நாள் கம்பியை மட்டும் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த நாட்களில் வலி எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நடக்க முடிந்தது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொருத்தலாமா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.