உயில் எழுதியாச்சு... ஆனா செல்லுமா? செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை சொத்து வெச்சிருக்கவங்க கவனிக்க வேண்டியவை!

உயிலில் இருக்கும் தப்பு பெரும்பாலும் அதை எழுதியவர் மறைந்த பிறகுதான் தெரியவரும். அப்போ அதைத் திருத்த அவர் இருக்க மாட்டார். பிள்ளைகள்தான் கோர்ட் படி ஏறணும்.

உயிலே இல்லைன்னா? ஜெயலலிதா 2016 டிசம்பரில் உயில் எழுதிவைக்காமல் மறைந்தார். தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதத்தில். அரசு அந்த வீட்டைக் கையகப்படுத்திய வழக்கும் முடிந்து, போயஸ் கார்டன் சாவி தீபா கைக்கு வர 2021 டிசம்பர் ஆனது. முழுசா ஐந்து வருஷம்!

இ.சி.ஆர் பக்கம் நிலம் விற்கும் விலைக்கு, நம்ம வீட்டிலும் சண்டை வர ரொம்ப நேரம் ஆகாது. எங்கெல்லாம் சறுக்கும்னு பார்ப்போம்.

1. சாட்சிகள்

இந்து, கிறிஸ்தவர்களின் உயிலுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிகள், உயில் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்து போடணும். பின்னாளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால், எழுதுபவரைவிட வயதில் சிறியவர்களைத் தேர்ந்தெடுங்க. சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடவே கூடாது.

முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம். வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

2. நில விவரம்

'திருப்போரூர்ல இருக்கிற காலி மனை' என்று மொட்டையாக எழுதினால் போச்சு! பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019-ல் செங்கல்பட்டு மறுபடியும் தனி மாவட்டமானது. ஆக, ஒரே மனைக்குத் தாய்ப்பத்திரத்தில் ஒரு மாவட்டம், கிரயப்பத்திரத்தில் இன்னொரு மாவட்டம் இருக்கலாம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, பத்திர எண் எல்லாவற்றையும் எழுதுங்க.

3. பூர்வீகச் சொத்து

இதில் அப்பா தன் பங்கை மட்டுமே எழுத முடியும். 2005 திருத்தத்தின்படி இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. மொத்த நிலத்தையும் தம்பிக்கே எழுதினாலும் அக்காவின் பங்கு போகாது.

4. நாமினி வேறு, வாரிசு வேறு

மியூச்சுவல் ஃபண்டுக்கும் ஷேருக்கும் நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இவற்றையும் உயிலில் சேர்த்துவிடுங்க.

5. டிரஸ்ட்

சிறு குழந்தைக்கோ, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கோ உயில் மூலமே டிரஸ்ட் அமைக்கலாம். ஆனா, ஒரே ஒரு டிரஸ்டியை மட்டும் நம்ப வேண்டாம். அவருக்குப் பிறகு யார், பணத்தை எதற்கெல்லாம் எடுக்கலாம், கணக்கை யார் பார்ப்பது என மூன்றையும் எழுதுங்க.

பதிவு கட்டாயமா?

இல்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், 'இது போலி' என்று கிளப்புவது கஷ்டம். ஒன்றுக்கு மேல் உயில் இருந்தால், முறைப்படி எழுதிய கடைசி உயிலே செல்லும். அதனால் தேதி முக்கியம்.

பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் மொபைலிலேயே பார்க்கலாம். இந்த வாரக்கடைசியில் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. பேர், எண் ஏதாவது இடித்தால், அவங்க இருக்கும்போதே சரிசெய்துடலாம். பிறகு வக்கீலிடம் போங்க.