கொல்லனின் அரமும் அப்புவின் கத்தியும்

புறநானூற்றின் 36ஆம் பாடலை மாணவருக்கு விளக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் நான் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். அவனது படையினர் காவல் மரங்களை வெட்டிச் சாய்க்கின்றனர். அந்த ஓசை கோட்டைக்குள்ளே இருக்கும் மன்னனுக்குக் கேட்கிறது. கேட்டும் வெளியே வராது வாளாவிருப்பவனோடு பொருவது உனக்கே நாணம் தருவதாகும் என்று ஆலத்தூர் கிழார் சோழனுக்கு எடுத்துரைக்கிறார். பாடலின் செய்தி இவ்வளவே.

ஆயினும், மரம் வெட்டிய கோடரியைப் புலவர் வெறும் கோடரி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதன் காம்பு நீளமானது என்கிறார். அதன் வாயை வலிய கையையுடைய கொல்லன் அரத்தினால் அராவிக் கூராக்கினான் என்கிறார். அரசனுக்குப் போர்நெறி சொல்ல வந்தவருக்குக் கொல்லனுடைய அரத்தில் என்ன வேலை? உரையாசிரியரைப் பின்பற்றி ‘நவியம் என்பது கோடரி’ என்று பொருள் சொல்லிவிட்டு நானும் பல ஆண்டுகள் கடந்து போயிருக்கிறேன். சில காலத்துக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “சேர், அரம் எண்டால் எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள். நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். அந்த அரத்தைத் தேடிய கதைதான் இன்றைய பேச்சு.

நமது மண்ணில் மரவேலை என்றால் முதலில் பனைதான். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும். பனைக்கு அது மறுதலை. வெளிப்புறம் கருநார் ஓடி இரும்பு போலிருக்கும், உள்ளே சோறு. ஆகவே கோடரி முதலில் மோதுவது மரத்தின் மிக வலிய பகுதியோடு. மாமரத்துக்கும் வேம்புக்கும் வளைந்து கொடுக்கும் கோடரி முதிர்ந்த பனையில் நாலு வெட்டில் வாய் மழுங்கும், அல்லது பல்லுப் பல்லாக உடையும். மழுங்குவது இரும்பு மெதுமையாக இருப்பதால், உடைவது கடுமை மிகுந்து போனதால். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் கொல்லனின் வித்தை. பழுக்கக் காய்ந்த வாயைத் தண்ணீரில் தோய்த்து, துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் பிடித்தால் இரும்பின் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு தவிட்டு நிறம், அதன்பின் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். சீவுகின்ற கத்தியை வைக்கோல் நிறத்திலே நிறுத்திவிட வேண்டும். அடி தாங்க வேண்டிய கோடரியைக் கத்தரிப்பூ நிறம் வரை விடலாம். இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லாமல் பட்டறையில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. இன்று மின்சாரச் சாணையில் அவசரமாகப் பிடித்து வாய் நீலம் பாய்ந்த கோடரிகளை அடிக்கடி காண்கிறேன். நீலம் பாய்ந்த இடம் பிறகு கூர் தாங்காது. அரமும் நீரூற்றித் தீட்டும் கல்லும் மெதுவானவை. அந்த மெதுமையில் இரும்பு சூடேறுவதில்லை.

வீழ்த்திய பனையை வாளால் அரிவதிலும் ஆப்பு வைத்துப் பிளப்பதே வழக்கமாக இருந்தது. நார் ஓடும் வழியே மரம் தானாகப் பிளந்து கொடுக்கும். உள்ளிருக்கும் சோற்றை வாச்சியால் செதுக்கி எடுத்துவிட்டால் வளையும் சிலாகையும் கிடைத்துவிடும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இந்த மரத்தின் அருமையை உடனே கண்டுகொண்டனர். கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் இங்கிருந்து பனைமரம் கப்பலேறியது. ஆங்கிலேயர் காலத்தில் வில்லியம் பேர்கசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார். 1859இல் வெளிவந்த எமர்சன் தெனன்றின் இலங்கை வரலாற்றிலும் பனைக்கு நல்ல இடமுண்டு. பனையின் 801 பயன்களைத் ‘தாலவிலாசம்’ என்னும் தமிழ்நூல் கூறுவதாகச் சொல்வார்கள். நான் பள்ளியிலே படித்த புத்தகங்களிலும் பனையின் பயன்கள் வந்தன. கற்பகதரு என்று கட்டுரை எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஓலை, நுங்கு, கிழங்கு, ஒடியல், பினாட்டு எல்லாம் எழுதினேன். மரத்தில் ஏறுகின்றவரின் கத்தியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதத் தெரியாமல் அல்ல. அந்தக் கத்தி எங்கள் வீட்டு இறப்பில்தான் சொருகியிருந்தது.

என்னுடைய அப்பு, அதாவது தாயாரின் தகப்பனார், சீவல் தொழிலாளி. பல ஆண்டுகளாகத் தமிழ் படிப்பிக்கும் நான் இதைக் கல்லூரியில் எவருக்கும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை. கேட்காமலே அறிந்து வைத்திருந்தவர்கள் இருந்திருக்கலாம்.

அப்புவிடம் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று மட்டை வெட்டித் துப்புரவு செய்ய, மற்றது பாளை சீவ. லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து அடித்தவை. பாளைக் கத்தியால் மட்டை தொடமாட்டார். அவசரத்துக்கு ஒரு கயிறு அறுக்கக் கேட்டாலும் கொடுக்கமாட்டார். பாளையை நாளும் காலையும் மாலையும் ஒரு மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் அது வெட்டாது, நசுக்கும். நசுங்கினால் நீர் வரும் வழி அடைபட்டு, பாளை காய்ந்து, அந்தப் பருவத்து உழைப்பு அதோடு போய்விடும். ஆகவே தீட்டுதல் என்பது அவருக்கு வேலைக்கு முந்திய ஓர் ஆயத்தம் அல்ல, வேலையின் பாதியே அதுதான். நீளப் பலகையொன்றில் வெள்ளைக் கல்லை இடித்து அரித்த பொடியைத் தூவி, கத்தியை முன்னும் பின்னும் ஒரே சாய்வில் ஓட்டுவார். அந்தச் சத்தத்தில்தான் நான் சிறுவயதில் கண்விழித்தது. தீட்டி முடித்ததும் முழங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார். நான் கிட்டப் போனால், “தொடாதை மோனை, கை போயிடும்” என்பார். வாயில் பல் விழுந்தால் மட்டும் அரத்தை எடுப்பார். அதுவும் நாலு இழுப்புக்கு மேல் இல்லை. ஒவ்வோர் இழுப்பும் கத்தியின் ஆயுளைத் தின்கிறது என்பது அவருடைய எண்ணம்.

கத்திக்கு அடுத்தது தளைநார். கால்களைப் பிணைத்து மரத்தைப் பற்ற வைக்கும் அந்த வளையத்தில்தான் ஏறுகின்றவரின் உயிர் இருக்கிறது. காய்ந்த நார் முறியும் என்பதால் ஏறுவதற்கு முன் அதைத் தண்ணீரில் போட்டு ஊறவிடுவார். பிறகு இரண்டு கைகளாலும் முறுக்கி, விரல் விரலாகத் தடவிப் பார்ப்பார். ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்று ஏற்றமில்லை. இந்த எச்சரிக்கை இல்லாமற்போன சிலரை ஊருக்குத் தெரியும். இடுப்பு முறிந்தவர்கள், திரும்பி வராதவர்கள்.

பனையின் நீரைச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள். ஊரவர் இரண்டையும் குடித்தார்கள். இறக்கித் தந்தவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதன்பின்னும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவுக்காகப் போராட வேண்டியிருந்தது. இந்த வாழ்க்கையைக் கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலாக்கினார். அதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பக்கத்தில் இருந்தவர் பார்க்காதபடி அட்டைக்குக் கடதாசி போட்டுக்கொண்டேன். நாவலுக்காக அல்ல, என் முகம் எதையாவது சொல்லிவிடுமோ என்ற பயம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. அம்மா உடுப்புகளையும் உறுதிகளையும் கட்டினார். நான் புத்தகங்களைக் கட்டினேன். அப்பு கத்திக்கூட்டை இடுப்பில் கட்டினார். இந்த நேரத்தில் இது எதற்கு என்று நான் சினந்தது நினைவிருக்கிறது. தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு தென்னந்தோட்டத்தின் கொட்டிலில் இருந்தோம். மூன்றாம் நாளே அப்பு அயலில் ஒரு வளவுக்காரரிடம் பேசி, தென்னைகளைச் சீவத் தொடங்கிவிட்டார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அரிசி அந்தக் கத்தியிலிருந்து வந்தது. என்னுடைய புத்தகங்கள் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தன.

திரும்பி வந்தபோது ஊரில் பனைகள் வரிசை வரிசையாக இல்லை. பதுங்குகுழிகளுக்குக் குற்றி வேண்டுமென்று தறிக்கப்பட்டவை பாதி, ஷெல்லில் தலையிழந்தவை மீதி. தறித்த அடிக்கட்டைகளை அப்பு குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். “மழுங்கின கோடாலி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காவல் மரம் வீழும் ஓசையைக் கேட்டிருந்த மன்னனைப் பற்றிய பாடல் அப்போது எனக்குத் தெரியாது.

அப்பு போய்ப் பல வருடங்களாயிற்று. மாணவி கேட்டதற்கு மறுநாள் அரத்தோடு கத்திக்கூட்டையும் முழுதாக எடுத்துப்போய் வகுப்பு மேசையில் வைத்தேன். அரத்தைக் கையில் கொடுத்து அதன் பற்களைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கொல்லனின் கையைப் புலவர் ஏன் வலிய கை என்றார் என்பது அதன்பின் விளக்கமில்லாமலே விளங்கியது. பாடத்தைத் தொடரலாம் என்று நினைத்தபோது ஒருவன் கேட்டான்:

“இதெல்லாம் ஆற்றை சேர்?”

“என்ர அப்புவின்ரை. அவர் மரம் ஏறினவர்.”

வகுப்பு சற்று அமைதியாயிற்று. வருடம் முழுவதும் வாய் திறக்காத கடைசி வாங்கு மாணவன் ஒருவன் எழுந்து முன்னே வந்தான். கத்தியையும் அரத்தையும் அவன் பார்க்கவில்லை. தளைநாரை எடுத்து, இரண்டு கைகளாலும் முறுக்கி, விரல் விரலாகத் தடவினான்.

“இது காய்ஞ்சு போச்சு சேர். தண்ணியிலை போட்டு வைக்க வேணும்” என்றான்.