மாணவர் பணத்தில் சூரிய மின்சாரம்: கொக்குவிலிலிருந்து ஒரு மறுப்பு

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள், அரையாண்டுக்கு ஒரு டொலர் கூடுதலாகக் கட்டிக் காற்றாலை மின்சாரம் வாங்கத் தாமே வாக்களித்தார்கள். 2007இல் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்களும் இவ்வாறே ஒரு பசுமை நிதியை உண்டாக்கினார்கள். அந்த முறையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் பொருத்தலாம் என்பது கேட்க இனிய யோசனை. ஆனால், அது அங்கே வேர்பிடித்த மண் வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் மாணவர் மாதம் நூறு ரூபா கொடுப்பதாக வைத்தால் ஆண்டுக்கு 1.2 கோடி ரூபா சேரும். கிலோவாற் ஒன்றுக்கு இரண்டு இலட்சம் என்று கொண்டால் 60 கிலோவாற் சூரியத் தொகுதி கிடைக்கும். எமது வெயிலில் ஒரு கிலோவாற் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தருமாதலால், தினமும் 240 அலகு. கொக்குவில் ஆடியபாதம் வீதியிலுள்ள மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடங்களும் குளிரூட்டிகளும் பகலில்தான் அதிகம் இயங்குகின்றன. ஆகவே அலகுகள் வீண்போகா. தொழில்நுட்பத்தில் குறையில்லை.

குறை பணத்தின் வழியில் இருக்கிறது. எமது பல்கலைக்கழகங்களின் மீண்டெழும் செலவைப் பெரும்பாலும் திறைசேரியே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினூடாகத் தருகிறது. மின்கட்டணம் குறைந்தால் அடுத்த ஆண்டு மதிப்பீட்டிலும் அது குறைத்தே எழுதப்படும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் மாணவன் கொடுத்த நூறு ரூபா கூரையில் ஏறித் திறைசேரியில் போய் இறங்கும். கொடுத்தவனுக்கு மிஞ்சுவது பற்றுச்சீட்டு மட்டுமே. இலவசக் கல்வியின் பெயரால் இயங்கும் நிறுவனத்தில் இது பின்வாசலால் வரும் கட்டணமன்றி வேறென்ன?

நூறு ரூபா சிறிதுதானே என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கும் மாணவர் பலருக்கு வாடகையும் சாப்பாடும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். இவர்கள் ஏற்கெனவே மின்சாரத்துக்குப் பணம் கட்டுபவர்கள்தாம். மாத முடிவில் வீட்டுக்காரர் பில்லைத் தலைக்கு இவ்வளவென்று பிரித்துக் கேட்பார். ரைஸ் குக்கர் போடக்கூடாது என்ற நிபந்தனையும் சில வீடுகளில் உண்டு. வளாகக் கூரையின் சூரியன் இந்த அறைகளுக்குள் எட்டிப் பார்க்காது.

சக்தியின் விலையை யார் சுமப்பது என்ற கேள்வி இப்பகுதிக்குப் புதிதன்று. காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலுக்கு வடக்கே இருக்கும் சுன்னாகத்தில், அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்நிலையத்தை இயக்கிய நொதேர்ண் பவர் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. மின்சாரத்தை இலங்கை முழுதும் பாவிக்கலாம், கிணறு மட்டும் ஊரவருடையது. தூய சக்தியிலும் சுமையைக் கீழே தள்ளும் இதே பழக்கம் தொடரக் கூடாது.

கூட்டாகக் காசு சேர்ப்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரியாத கலையல்ல. சைவப் பாடசாலைகளுக்காக வீடுவீடாகப் பிடியரிசி எடுத்த சமூகம் இது. அரிசி கொடுத்தது அடுப்பு எரிந்த வீடு. வாங்கில் இருந்து படித்த பிள்ளையிடம் எவரும் கேட்கவில்லை. இன்று அந்த வீட்டின் இடத்தில் நிற்பவர்கள் பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்தோரும். கட்டணம் அறவிடும் வெளிவாரி, பட்டப்பின் படிப்புகளின் வருமானமும் உண்டு. இவற்றிலிருந்து ஒரு சுழல்நிதியைத் தொடங்கலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பசுமைக் கடன் நிதி இவ்வகையில் அமைக்கப்பட்டது: சேமித்த கட்டணம் நிதிக்கே திரும்பி அடுத்த திட்டத்துக்குப் போகும். இங்கே அப்படி நடக்கத் திறைசேரி, சேமிப்பைக் குறித்த காலத்துக்குப் பல்கலைக்கழகத்திடமே விடுவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கடிதம் இல்லாமல் எந்தத் திட்டமும் நன்கொடையாளரை ஏமாற்றுவதாகவே முடியும்.

தொகுதியின் அளவிலும் கவனம் தேவை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை வீழ்ந்ததால் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. விடுமுறை நீண்ட வளாகமொன்று, விற்கும் அலகை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பகல் பாவனைக்கு அளவாகவே பொருத்துவது நல்லது.

மாணவருக்கு இதில் பங்கில்லை என்பதல்ல. கொலராடோவில் கவனிக்கத்தக்கது ஒரு டொலர் அல்ல, வாக்குச்சீட்டு. சுழல்நிதிக் குழுவில் மாணவர் ஒன்றியத்துக்கு வாக்குரிமை கொடுக்கலாம். மாதாந்த அலகு அளவீட்டைப் பௌதிகவியல், பொறியியல் மாணவர் எடுத்து எல்லோரும் காணும்படி ஒட்டலாம். அடுத்த கூரை மருத்துவ பீடமா, விடுதியா என்பதை அவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கட்டும்.