எழுதிய கை யாருடையது?

பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுத உதவும் கணினிக் கருவிகள் பல்கலைக்கழக வகுப்புக்குள் வந்த கதையைப் பேசச் சொன்னார்கள். என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2020 மார்ச்சில் ரொறன்ரோவில் வகுப்பறைகள் மூடப்பட்டபோது நான் இங்கே பகுதிநேரமாகக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நால்வர் கொண்ட குழுக்கள் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து கட்டுரை எழுதவேண்டும். யார் எந்த வரியை எழுதினார் என்பதைத் திருத்த வரலாறு காட்டும். அதைப் பார்த்தே புள்ளி போட்டேன். ஒரு மாணவியின் பெயரில் மூன்றே வரிகள். குறைத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தக் குழுவின் இன்னொரு மாணவி எனக்கு எழுதினாள். அவர்கள் வீட்டில் ஒரே மடிக்கணினி, அது தம்பிமாரின் வகுப்புக்குப் போய்விடும். அவள் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது தான்தான். கட்டுரையில் பாதி அவளுடையது என்று.

அதன்பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட், சுமார் 30 மைல் தொலைவில் இருந்த சக ஆய்வாளருடன் ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். பின்னர் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்முடைய ஊரிலேயே நடந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பெக்கரின் குழு, சேர்ந்து எழுதிப் பழகியவர்களிடமே போய், எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டது. 1992இல் இலோனா போஸ்னரும் பெக்கரும் நான்கு வழிகளைப் பிரித்துச் சொன்னார்கள்: எல்லோருக்காகவும் ஒருவர் எழுதுவது; பலர் பேச ஒருவர் எழுதிக்கொள்வது; பகுதி பிரித்து எழுதுவது; வரிக்கு வரி கூடி எழுதுவது. 1993இல் அந்தக் குழு வெளியிட்ட கருவியில் ஒவ்வொருவருடைய எழுத்துக்கும் ஒரு நிறம் இருந்தது. இன்று எல்லோரும் அறிந்த கூகிள் டொக்ஸின் முன்னோடியான ரைட்லி வந்ததோ 2005இல்தான்.

என் மாணவிகள் செய்தது அந்த இரண்டாவது வழி. நிறம் தட்டச்சு செய்த கையைக் காட்டும், யோசித்தவரைக் காட்டாது.

நமக்கு இது புதிதா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அதை அருகிலிருந்து பார்த்த உ.வே.சா. 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் இருப்பது மாணவரின் கையெழுத்து. ஆனாலும் அந்தப் புராணங்களைப் பாடியவர் யார் என்று அங்கிருந்த யாரும் மயங்கியிருக்க முடியாது. ஏனென்றால் எல்லோரும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். குரல் எல்லோர் காதிலும் விழுந்தது. நான் கையை மட்டும் பார்த்தேன், குரலைக் கேட்கவில்லை.

புள்ளியைத் திருத்தினேன், மன்னிப்பும் கேட்டேன். இப்போது திருத்த வரலாற்றைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு குழுவுடனும் பத்து நிமிடம் பேசுகிறேன். 'இந்த எண்ணம் முதலில் யாருக்கு வந்தது?' என்று கேட்டால், பெரும்பாலும் அவர்களே ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடுகிறார்கள்.