ஒரு ஜோடி செம்புக்கம்பி

எக்ஸ்சேஞ்சிலிருந்து தடித்த கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான உடன்பிறப்புகளோடு மண்ணுக்கடியில் வந்து, தேரா துபாயின் ஏதோ ஒரு கட்டடத்து டெலிபோன் அறையில் தனித்துப் பிரிந்து, மூன்றாம் மாடி டிரேடிங் கம்பெனியின் சுவர் சாக்கெட்டில் முடிகிறது அது. இரண்டே இழை. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வருவது அழகுக்கல்ல. பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் கசியாதிருக்க.

அமீரகத்தின் டெலிபோன் கம்பெனியான எடிசலாட் தொடங்கிய 1976-இல் கம்பிக்கு இருந்த பெரிய வேலை குரல். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும், ஆள் அடையாளம் தெரிந்துவிடும். போனுக்கான 48 வோல்ட்டையும் எக்ஸ்சேஞ்சே அனுப்பியதால், கட்டடத்தில் கரன்ட் போனாலும் சாதாரண போன் மணி அடிக்கும்.

பிறகு பேக்ஸ் குடி வந்தது. 'குரூப் 3' தரம் 1980-இல் அமைந்தது. படத்தைச் சத்தமாக்கி அனுப்பும் இயந்திரம் அது; ஆகவே அதற்கும் அதே குரல் அறைதான். வளைகுடாத் தமிழனுக்கு அந்தக் கீச்சொலியின் அருமை தெரியும்: ஊரில் காத்திருந்த எத்தனையோ பேருக்கு விசா காப்பி அதில்தான் வந்தது. வந்ததும் ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். வெப்பத்தாள், சூடு பட்டால் கருக்கும். சும்மா கிடந்தாலே எழுத்து மங்கும்.

ஒரே லைனில் போனும் பேக்ஸும் இருந்த ஆபீஸில் ரிசீவரை எடுத்தவர் காதில் மூன்று நொடி இடைவெளிவிட்டு 1100 ஹெர்ட்ஸ் 'பீப்' விழும். "பேக்ஸ் வருது!" என்று கத்திவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்த ஓட வேண்டும். இன்னொரு மேசையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் பாதிப் பக்கம் பாழ்.

2000-களில் 'அல் ஷாமில்' என்ற பெயரில் டிஎஸ்எல் இன்டர்நெட் வந்தபோது பேக்ஸ் பாழாகும் பழியெல்லாம் புதிதாக வந்தவன் மேல் விழுந்தது. பாவம், அவன் மேல்மாடிக்காரன். அந்த டிஎஸ்எல்லின் ஏடிஎஸ்எல் வகை குடியிருப்பது 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்து ஜோசப் லெச்லைடர் கண்ட சூட்சுமம் அதில் இருக்கிறது: இறங்கும் தகவலுக்கு அகலப் பாதை, ஏறுவதற்குக் குறுகிய பாதை என்று வைத்தால் ஜோடிகளுக்கிடையிலான கசிவு குறையும்.

மாடிகளுக்கு நடுவில் தளம் போடுவது தீப்பெட்டி அளவு ஃபில்டர். எல்லாப் போனுக்கும் மாட்டிவிட்டு பேக்ஸை மறந்துவிடுவார்கள். பேக்ஸ் எடுத்ததும் நெட் அறுந்துவிடும். பிஏபிஎக்ஸ் என்ற உள் எக்ஸ்சேஞ்ச் வைத்த ஆபீஸில் தவறு வேறு: மோடத்தை அதன் எக்ஸ்டென்ஷனில் செருகுவார்கள். குரலைத் தவிர எதையும் கடத்தாத பெட்டி அது. லைன் பிஏபிஎக்ஸைத் தொடும் முன்பே ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்துவிட வேண்டும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் மோடத்தை மாற்றிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் தீராது.

2011-இல் உலகிலேயே முழுக்க ஃபைபர் இணைக்கப்பட்ட முதல் தலைநகரம் என்று அபுதாபி பேர் வாங்கியது. செம்பின் இடத்தில் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. இழை வந்து முடியும் பெட்டியில் பேட்டரி இல்லையென்றால், கரன்ட் போனதும் போனும் போகும். பேக்ஸை அந்தப் பெட்டியின் போன் துளையில் செருகினால் சத்தம் பொட்டலங்களாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒன்று தொலைந்தாலும் பக்கம் கிழியலாம். ஒளியே ஓடும் லைனில், டெக்னீஷியன் வந்து பேக்ஸின் வேகத்தை 14400-இலிருந்து 9600-க்குக் குறைத்துவிட்டுப் போகிறார்.