ஸ்ரீபுரந்தான் நடராசர்: ஆவணமும் ஒளிப்படமும்

அருங்காட்சியகக் கலைப்பொருள்களின் உடைமை வரலாற்றை ஆராய்வோர் விற்பனை ஆவணங்களையே முதற்சான்றாகக் கொள்வது வழக்கம். தமிழகச் செப்புத் திருமேனிகளுக்கு இம்முறை போதாது என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராசர் தக்க சான்றாகும்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலுக்குரிய இச்சோழர்காலப் படிமத்தை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுபாஷ் கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உடன் தரப்பட்ட தாள்களோ, தில்லியிலிருந்த சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் 1970 அளவில் இதனை வாங்கியதாகக் கூறின. இவ்வாண்டுத் தேர்வு தற்செயலானதன்று. தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் இயற்றப்பட்டது 1972இல். அதற்குமுன் வெளியேறியதாகக் காட்டினால் வினா எழாது என்பது வணிகர் கணக்கு.

ஆயின் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தாரின் 1994ஆம் ஆண்டு ஒளிப்படத்தில் இப்படிமம் கோயிலிலேயே உள்ளது. ஒத்த வடிவுடைய வேறொரு படிமமோ என்னும் ஐயம் இங்கு நில்லாது. மெழுகு வார்ப்பில் கருவை உடைத்தே படிமத்தை வெளியெடுப்பர். ஒரு கருவுக்கு ஒரு படிமமே. திருவாசிச் சுடர்களின் அமைப்பு, வார்ப்புக் குறை, தேய்வு ஆகியன படிமந்தோறும் மாறும். தாளைப் புனையலாம், இவற்றைப் புனைதல் அரிது.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரர் கற்சிலையின் நிலையும் இதுவே: பற்றுச்சீட்டு 1970, கோயிலில் எடுத்த ஒளிப்படம் 1974. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வொளிப்படங்கள் களவைத் தடுக்கும் நோக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. கோயிற்கலை ஆய்வுக்கென எடுக்கப்பட்டவை. ஒளிப்படக் கருவி சென்றடையாத சிற்றூர்க் கோயில்களின் படிமங்களுக்கோ இவ்வழியும் இல்லை.